அப்பாவின் பாத்திரக் கடையை எடுத்து நடத்தலாமா, அமேசான் விட்டுவைக்குமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் ஒரு தம்பியின் அப்பா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கூடவே மிக்ஸி, குக்கர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று வீட்டு உபயோகப் பொருள்களும் விற்கிறார். தம்பிக்கு பெங்களூரில் வேலை. அப்பாவுக்கு முடியவில்லை. கடையை எடுத்து நடத்தலாமா, இல்லை அமேசான் மாதிரி கம்பெனிகள் இன்னும் பத்து வருடத்தில் இந்தக் கடைகளை எல்லாம் ஊற்றி மூடிவிடுமா, நடத்துவதானால் நாமும் அதிலேயே விற்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாவட்டக் கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவன். வியாபாரம் எப்படிப் போகிறது என்று கடைக்காரரைக் கேட்டால் எந்தக் காலத்திலும் "டல்லாத்தான் போகுது" என்றுதான் சொல்வார், அதனால் நான் அவர் பேச்சை அதிகம் நம்புவதில்லை, கொள்முதல் பில்லைப் பார்ப்பேன். எந்தச் சரக்கை அவர் வாங்குவதை நிறுத்திவிட்டார் என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

அந்த பில்களை வைத்துச் சொல்கிறேன்: கடை மொத்தமாகப் போவதில்லை, கடைக்குள் சில ரேக்குகள் போகின்றன. உங்கள் அப்பா கடையிலும் பாதி ரேக் ஏற்கெனவே போயிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாதபடி பெட்டிகள் அடுக்கியே இருக்கும், அவ்வளவுதான்.

எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒருவர் 750 வாட் மிக்ஸி கேட்டு வருகிறார். கடைக்காரர் 3,900 சொல்கிறார். வந்தவர் பேரமே பேசுவதில்லை. பெட்டியைத் திருப்பி மாடல் நம்பரைப் பார்க்கிறார், போனில் தட்டுகிறார், திரையைக் கடைக்காரர் பக்கம் காட்டுகிறார். 3,449. வீட்டுக்கே வரும், குறிப்பிட்ட பேங்க் கார்டு இருந்தால் இன்னும் முந்நூறு குறையும். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இருக்கிற ஃபைலை எடுத்து ஏஜென்ஸி (கம்பெனி சரக்கைக் கடைகளுக்குக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்) பில்லைப் பார்க்கிறார், அவருக்கே வரியோடு 3,520-க்குத்தான் பில் போட்டிருக்கிறார்கள். (தொகையெல்லாம் புரிவதற்காக நான் போட்டது, ஆனால் இந்தக் கதை வாரா வாரம் நடக்கிறது.) அவர் செய்யக்கூடியது இரண்டுதான்: நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு வருடக் கடைசியில் டார்கெட் முடித்தால் வரும் ஸ்கீம் கிரெடிட் நோட்டை (பில் தொகையில் பிறகு கழித்துத் தருவது) நம்பி உட்கார்ந்திருப்பது, அல்லது "அங்கேயே வாங்கிக்குங்க" என்று சொல்வது. முக்கால்வாசிப் பேர் இரண்டாவதைச் சொல்லிவிட்டு, அடுத்த முறை அந்த மாடலை வாங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். இதில் எரிச்சல் என்னவென்றால், ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு "அண்ணே, ஜார்ல லீக் ஆகுது, கொஞ்சம் பாருங்க" என்று அதே கடைக்கு வருவார்.

இங்கே கவனிக்க வேண்டியது மாடல் நம்பர். எந்தப் பொருளுக்கு மாடல் நம்பர் இருக்கிறதோ, எந்த ஊரில் வாங்கினாலும் அச்சு அசலாக அதே பொருள்தான் வருமோ, அதைத்தான் ஆன்லைன் முதலில் தின்னும். அமேசான் ஆரம்பித்ததே அப்படித்தான். ஜெஃப் பெசோஸ் 1994-ல் கம்பெனியைப் பதிவு செய்து 1995 ஜூலையில் விற்பனையைத் தொடங்கியபோது புத்தகம் மட்டும்தான் விற்றார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஐ.எஸ்.பி.என். எண் உண்டு, எந்தப் பிரதியும் இன்னொரு பிரதிதான், தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, உடையாது, கெடாது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கிளைகள் வைத்திருந்த பார்டர்ஸ் என்ற புத்தகக் கடைச் சங்கிலி 2011-ல் திவாலாகி மூடப்பட்டது. அதுவும் அமேசான் ஒன்றால் மட்டும் இல்லை, கடனும் தப்பான முடிவுகளும் சேர்ந்துதான். இந்தியாவிலும் 2013 ஜூனில் அமேசான் வந்தபோது புத்தகமும் சினிமா டி.வி.டி.யும்தான் முதலில். அப்புறம் செல்போன், அப்புறம் மிக்ஸி, அப்புறம் எல்லாம்.

சரி, அவர்களால் எப்படி ஏஜென்ஸி விலைக்கும் கீழே கொடுக்க முடிகிறது? பெரிய அளவில் வாங்குவதால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1992-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத வியாபாரி அந்த மாநில விற்பனை வரியை வசூலிக்க வேண்டியதில்லை. தெருக்கோடிக் கடைக்காரர் வரி சேர்த்து விற்க, தபாலில் அனுப்புகிறவர் வரியில்லாமல் விற்றார். அமேசான் வளர்ந்த ஆரம்ப வருடங்கள் எல்லாம் இந்த நிழலில்தான். அந்தத் தீர்ப்பை 2018-ல்தான் மாற்றினார்கள், அதற்குள் அமேசான் கிட்டத்தட்ட எல்லா மாநிலத்திலும் வரி வசூலிக்க ஆரம்பித்திருந்தது, கடைகளுக்கு நடந்தது நடந்துவிட்டது. இரண்டாவது, பொறுமையான பணம். 1997-ல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி முழு வருட லாபம் என்று முதன்முதலில் காட்டியது 2003-ல். நம் ஊரில் ஒருவர் கடை திறந்து அத்தனை வருடம் நஷ்டம் காட்டினால் மாமனார் வீட்டில் பேச்சு வந்துவிடும். மூன்றாவது, 2006 முதல் அவர்களுக்கு கம்ப்யூட்டர் வாடகைத் தொழில் ஒன்று இருக்கிறது, ஏ.டபிள்யூ.எஸ். என்பார்கள். மற்ற கம்பெனிகளின் இணையதளங்களையும் கணக்குகளையும் தங்கள் சர்வரில் ஓட்டி வாடகை வாங்குவது. பல வருடங்களில் கம்பெனியின் இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது. மிக்ஸியில் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவரோடு மிக்ஸியில் மட்டுமே சம்பாதிக்கிறவர் போட்டி போடுகிறார். இந்தியக் கிளை பல வருடங்கள் ஆயிரக்கணக்கான கோடி நஷ்டம் காட்டியதற்கும் இதுதான் தெம்பு.

இந்தியச் சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்றால், காகிதத்தில் நன்றாகவே தடுத்திருக்கிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் கம்பெனி சொந்தமாகச் சரக்கு வாங்கி வைத்து நேரடியாக மக்களுக்கு விற்கக் கூடாது. மற்றவர்கள் விற்பதற்கு இடம் கொடுக்கும் சந்தையாக மட்டும்தான் இருக்கலாம். 2016-ல் அரசு அதைத் தெளிவாக எழுதி, ஒரே விற்பனையாளர் மொத்த விற்பனையில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் போட்டது. 2018 டிசம்பரில் இன்னும் இறுக்கி, சந்தை நடத்துகிறவருக்குப் பங்கு இருக்கிற கம்பெனி அதே சந்தையில் விற்கக் கூடாது என்றது. நடந்தது என்ன? நாராயண மூர்த்தி குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தோடு கூட்டாக இருந்த கிளவுட்டெயில் அமேசானின் மிகப் பெரிய விற்பனையாளராக இருந்தது. விதி வந்ததும் பங்கைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து, 2022-ல்தான் மூடினார்கள். கம்பெனியின் உள் ஆவணங்களைப் பார்த்ததாக ராய்ட்டர்ஸ் 2021-ல் எழுதியது: 2019 தொடக்கத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் இருந்தும், வெறும் 35 பேர்தான் மொத்த விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு செய்தார்கள். யாரையும் தனியாகத் தூக்கிவிடவில்லை என்று கம்பெனி மறுத்தது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். அங்கே சுங்கம் வசூலிக்கிறவரே வாசலில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு கடையும் போட்டு, எந்தக் கடையில் என்ன எவ்வளவு விற்றது என்ற நோட்டையும் தானே வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? வணிகர் சங்கங்கள் மே 5 வணிகர் தினம் வந்தால் மேடையில் கத்துவது இதைப் பற்றித்தான், கத்துகிற விதம் எனக்குச் சில சமயம் பிடிக்காது, விஷயம் நியாயம். ஐரோப்பாவிலும் இதே புகார்தான். மற்ற விற்பனையாளர்களின் வெளியில் தெரியாத தகவலைத் தன் சொந்தச் சில்லறை வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் அமேசான் எழுதிக் கொடுத்தது. இங்கே டெல்லி வியாபாரிகள் கொடுத்த புகாரில் 2020 ஜனவரியில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டும் நீதிமன்றம் போய் ஒன்றரை வருடம் இழுத்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் விசாரணையை நிறுத்த மறுத்தது. இரண்டு தளங்களும் தங்களுக்கு வேண்டிய சில விற்பனையாளர்களுக்குச் சாதகம் செய்தன என்று விசாரணை அறிக்கை முடிவு சொன்னதாக 2024-ல் செய்தி வந்தது. இது நடந்துகொண்டிருக்கும்போதே எத்தனை செல்போன் கடை ஷட்டரை இறக்கியது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

செல்போன் கடைதான் முதல் அடி வாங்கியது. 2014-ல் மோட்டோரோலாவும் ஷாவ்மியும் ஃபிளிப்கார்ட்டில் மட்டும், ஒன்பிளஸ் அமேசானில் மட்டும் என்று இறக்கினார்கள். விலை கூடுதல் என்பதுகூட இல்லை, கடைக்காரரிடம் அந்தப் பொருளே கிடையாது. அரூரிலும் பாலக்கோட்டிலும் செல்போன் கடை வைத்திருந்தவர்கள் ரீசார்ஜும் கவரும் டெம்பர்டு கிளாஸும் போட்டுக் காலம் தள்ளினார்கள், அப்புறம் ரீசார்ஜும் போன்பே பக்கம் போய்விட்டது. இன்றைக்கு நிற்கிறவர்கள் கடையில் வைத்தே ஆதாரை வாங்கி அரை மணி நேரத்தில் இ.எம்.ஐ. போட்டுக் கொடுக்கிறவர்கள்தான். கார்டு இல்லாத ஆளுக்குக் கடன் ஏற்பாடு செய்ய ஆன்லைனால் இன்னும் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கடைக்காரர்கள் திருப்பி அடித்ததும் உண்டு. 2024-ல் தென்னிந்திய செல்போன் கடைகளின் சங்கம் ஒன்று, மார்ஜின் போதவில்லை, வாரண்டி கிளெய்ம் இழுத்தடிக்கிறார்கள் என்று மே 1 முதல் ஒன்பிளஸ் விற்க மாட்டோம் என்று கடிதம் எழுதியது.

ஜவுளியில் வேறு கதை, அதில் அடித்தது அமேசான் இல்லை. பர்கூரைக் குட்டி சூரத் என்று சொல்வார்கள், தெரியும்தானே. சூரத்திலிருந்து மொத்தமாகச் சேலையை இறக்கி, ஆந்திரா கர்நாடகா வரை வந்து வாங்கிப் போகிற ஊர். அந்த ஊரின் பலமே "சூரத் விலைக்கு இங்கேயே கிடைக்கும்" என்பதுதான். மீஷோ என்ற ஆன்லைன் தளம் வந்து சூரத்துக்காரனையே நேராக ஊத்தங்கரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது, அதுவும் 2021-லிருந்து விற்பனையாளரிடம் கமிஷன் வாங்காமல். 300, 400 ரூபாய்ச் சேலைக்கு இனி பர்கூர் போக வேண்டிய தேவை குறைவு. கல்யாணத்துக்கு நாற்பது சேலை எடுக்கிறவர்கள் மட்டும் இன்னும் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள், நிறம் மாறி வந்தால் முகூர்த்தத்தன்றைக்கு யார் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருப்பது என்ற பயம்.

நடுவில் இருக்கிற ஏஜென்ஸிக்காரரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்பெனி, டிஸ்ட்ரிபியூட்டர், சில்லறைக் கடை என்று இருந்த சங்கிலியில் டிஸ்ட்ரிபியூட்டரின் மார்ஜின் சில சதவீதம்தான், குடோன் வாடகையும் வண்டியும் இரண்டு ஆளும் கடையில் கொடுத்த கடனும் அதற்குள்தான் அடங்க வேண்டும். கம்பெனியே ஆன்லைன் விற்பனையாளருக்கு இவரைவிடக் குறைவாகக் கொடுத்தால் இவர் எங்கே போவார்? சில்லறைக் கடைக்காரராவது வேறு சரக்குக்கு மாறலாம். ஒரு பிராண்டுக்கு டெபாசிட் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரால் முடியாது. என்னிடம் வருகிறவர்களில் கடையை மூடியவர்களைவிட ஏஜென்ஸியைத் திருப்பிக் கொடுத்தவர்கள்தான் அதிகம்.

பழி முழுவதையும் ஆன்லைன் மேல் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020-ல் ஊரடங்கு, மூன்றும் வரிசையாக வந்தன. வசந்த் அண்ட் கோ, சத்யா, பூர்விகா மாதிரி கடைகள் சென்னை, கோயம்புத்தூரோடு நிற்காமல் சின்ன ஊர்கள் வரை வந்துவிட்டன, தவணையும் கொடுக்கிறார்கள், இலவசமாக ஹாட் பாக்ஸும் கொடுக்கிறார்கள். இன்னொன்று, நம் மாவட்டங்கள் எந்தக் காலத்திலும் அடைத்து வைத்த சந்தை இல்லை. மளிகைக்கு சேலம் லீ பஜார், துணிக்கு பெங்களூர் சிக்பேட்டை என்று நம் ஜனம் எப்போதும் வெளியே போய் வாங்கியதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர், ஓசூரிலிருந்து நாற்பது. அன்றைக்கு அதற்கு பஸ் ஏற வேண்டியிருந்தது, இன்றைக்கு பெங்களூரைச் சுற்றியிருக்கிற கிடங்குகளிலிருந்து பொருள் அதே நெடுஞ்சாலையில் மறுநாளே வந்துவிடுகிறது.

வாங்குகிறவர்களுக்கு இதில் உண்மையான லாபம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் நியாயம் இல்லை. அஞ்செட்டி, தளிப் பக்கம் மலைக்கிராமத்தில் இருக்கிற பெண்ணுக்கு நல்ல பள்ளிக்கூட ஷூவோ, நீட் புத்தகமோ, காது கேட்கும் கருவிக்கான பேட்டரியோ வேண்டுமென்றால் முன்பு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வர வேண்டும், வந்தாலும் "இருக்கறதுதான் இருக்கு" என்று ஒரே ஒரு மாடலை எம்.ஆர்.பி.க்கு நீட்டுவார்கள். ஒரே கடை இருந்த ஊர்களில் எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலையாக இருந்ததே இல்லை, அதுதான் விலை. அந்தத் திமிர் ஒழிந்ததில் எனக்குத் துக்கம் எதுவும் இல்லை. பார்சல் இப்போதும் வீட்டு வாசல் வரை போவதில்லை, ரோட்டு முக்கில் இருக்கிற பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மளிகைக் கடையிலேயே பார்சலை வைத்து வாங்கிப்போகிற திட்டம் ஒன்றை 2015 வாக்கில் அமேசானே தொடங்கி, கடைக்காரருக்கு பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுத்தது. தன் வியாபாரத்தைக் கெடுக்கிற பெட்டியைத் தானே பத்திரமாக வைத்திருந்து கொடுக்கிற வேலை, கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பார்சல் வாங்க வருகிறவர் அரைக் கிலோ சர்க்கரையும் வாங்கிப் போவார்.

சரி, உங்கள் கடைக்கு வருகிறேன், தம்பி. உங்கள் கடையில் இரண்டு கடை இருக்கிறது.

பாத்திரப் பக்கத்துக்கு மாடல் நம்பர் கிடையாது. எவர்சில்வரும் பித்தளையும் எடைக்குத்தான் விற்பீர்கள். பழைய பித்தளைக் குடத்தையும் தட்டையும் எடைக்கு எடுத்துக்கொண்டு அதற்குக் கழித்துப் புதிது கொடுப்பீர்கள், எந்த ஆப்பும் பென்னாகரத்திலிருந்து பழைய குடத்தை வாங்கிப் போகாது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் பெண் வீட்டார் பத்து பேர் வேனில் வந்து இறங்கி, சீர்வரிசைக்கு அண்டா, குண்டா, குத்துவிளக்கு என்று தட்டிப் பார்த்து, கனம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒரு குறை சொல்லி, அதை மாற்றி, கடைசியில் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டச் சொல்வார்கள். அந்த மெஷினை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து "கிர்ர்" என்று பெயர் வெட்டுகிறாரே, அவர்தான் உங்கள் கடையில் முக்கியமான ஆள். ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் பாத்திரம் உங்கள் தலையில், அதனால் பில்லில் பெயரை வாடிக்கையாளர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு இன்னொரு காவலும் இருக்கிறது, கூரியர்க்காரர்களின் கணக்கு. ஒரு பெட்டிக்கு நிஜ எடை, பரிமாண எடை என்று இரண்டு உண்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பரிமாண எடை கிலோவில் வரும். நாற்பதுக்கு நாற்பதுக்கு நாற்பது பெட்டியில் ஓர் அண்டாவை வைத்தால் 12.8 கிலோ. உள்ளே இருக்கிற அண்டா மூன்று கிலோதான் இருக்கும், மீதி எல்லாம் காற்றுக்குக் கட்டுகிற காசு. பெரிய பாத்திரம் ஆன்லைனில் மலிவாக வராததற்குக் காரணம் இதுதான். சின்ன டம்ளர் செட்டும் டிபன் பாக்ஸும் வரும், வந்துவிட்டது.

மிக்ஸி, குக்கர், ஃபேன் பக்கம்தான் ஆபத்து. அதில் இரண்டு வேகமாக ஓடும் மாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, விலையை நெட் விலைக்கு நூறு இருநூறு கூட வைத்து, "இன்றைக்கே எடுத்துப் போகலாம், வாரண்டிக்கு நான் அனுப்பித் தருகிறேன்" என்று சொல்லி விற்கலாம். ஸ்டாக் கட்டாதீர்கள். உதிரிபாகத்தில்தான் காசு: குக்கர் கேஸ்கெட், வெயிட், மிக்ஸி ஜார், கப்ளர், ஃபேன் கன்டென்சர். வெளியே வாங்கிய மிக்ஸிக்கு ரிப்பேர் கேட்டு வருகிறவரைத் திட்டி அனுப்புகிற பழக்கம் உங்கள் அப்பாவுக்கு இருந்தால் (எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிறது) அதை நிறுத்திவிட்டு, பார்த்துக் கொடுக்க நூறு ரூபாய் என்று எழுதிப் போடுங்கள். அந்த நூறு ரூபாய்க்குப் போட்டியாக எந்த வெப்சைட்டும் வராது.

கடன் நோட்டு இன்னொரு விஷயம். கரும்புப் பணம் ஆலையிலிருந்து வர வேண்டும், மாங்காய் ஆனி மாதம்தான் இறங்கும், மரவள்ளிக்கு விலை வரவில்லை என்று நம் பக்கத்து விவசாயி வருடத்தில் பாதி நாள் பாக்கியில்தான் வாங்குகிறார். கிரெடிட் கார்டு இல்லாத அவருக்கு ஆறு மாதம் பொறுக்கிறவர் கடைக்காரர்தான். இதைப் பெரிய பலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, நான் கணக்கு பார்க்கிறவன், எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. ரொக்கமாக வாங்கக்கூடியவர் ஆன்லைன் போய்விட்டு, கடன் கேட்கிறவர் மட்டும் உங்களிடம் மிஞ்சினால் கல்லா காயும். நோட்டில் நிற்கிற தொகை மாத விற்பனையை எட்டிவிட்டால் யோசிக்க வேண்டும். அப்பாவிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஸ்டாக்கைவிட அதுதான் முதலில்.

ஆள் கிடைப்பதும் கஷ்டம், அதையும் கணக்கில் வையுங்கள். ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் என்று ஆலைகள் வந்தபிறகு பஸ் வைத்து ஆள் கூட்டிப் போகிறார்கள். மீதி இருக்கிற பையன்கள் பைக்கில் பார்சல் போடப் போகிறார்கள், பார்சலுக்கு இத்தனை ரூபாய், பெட்ரோல் அவர்களுடையது, விழுந்து அடிபட்டால் அதுவும் அவர்களுடையது. இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது, பதிவு செய்துகொள்ளலாம் என்று தெரியாதவர்கள்தான் நான் பார்க்கிறவர்களில் அதிகம். எட்டாயிரம் பத்தாயிரம் சம்பளத்துக்குக் கடையில் நிற்க இனி யாரும் வர மாட்டார்கள்.

ஆன்லைனில் நாமும் விற்கலாமா என்ற கடைசிக் கேள்வி. விற்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு. 600 ரூபாய் இரும்பு வடச்சட்டி ஒன்றை ஏற்றினால் கமிஷன் இருந்தால் அது, ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம், எடைக்குக் கூரியர், இந்தக் கட்டணங்கள் எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வரிசையாகக் கழியும். இது போக, விற்ற தொகையில் அரை சதவீதம் டி.சி.எஸ். (தளமே பிடித்து அரசுக்குக் கட்டுகிற ஜி.எஸ்.டி.) பிடிப்பார்கள். 2024 ஜூலை வரை அது ஒரு சதவீதமாக இருந்தது. அது உங்கள் வரிக் கணக்கில் திரும்ப வந்துவிடும், ஆனால் அதுவரை உங்கள் பணம் வெளியே நிற்கும். ரிட்டர்ன்தான் பெரிய தலைவலி. என்னிடம் கணக்கு வைத்திருக்கிற ஒருவர் ஒரு தளத்தில் பித்தளை விளக்கு விற்றார். திரும்பி வந்த பெட்டியில் வேறு ஏதோ பழைய விளக்கு இருந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்பதால் கிளெய்ம் போடக்கூட வழியில்லாமல் போயிற்று. இப்போது பெட்டியைப் பிரிப்பதற்கென்றே ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி வைத்திருக்கிறார். கனமில்லாத, உடையாத, வேறு எங்கும் அதே மாதிரி கிடைக்காத பொருள் ஏதாவது உங்களிடம் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். ஊத்தப்பக் கல்லும் பணியாரச் சட்டியும் கொஞ்சம் பெரிய விலையில் வெளியூர்த் தமிழர்களுக்குப் போகிறது, சாதாரண டம்ளரை ஏற்றி டெல்லிக்காரனோடு மோதாதீர்கள். அரசு ஆதரவில் வந்த ஓ.என்.டி.சி. என்ற பொது வலையமைப்பும் இருக்கிறது. 2022-ல் முதல் சோதனை நடந்த ஐந்து ஊர்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. கமிஷன் குறைவு, ஆனால் நம் பக்கத்துக் கடைகளுக்கு அதில் ஆர்டர் கொட்டியதாக நான் பார்க்கவில்லை.

பதிவு விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, கடையை மாற்றி எழுதுவதற்கு முன் பாருங்கள். உங்கள் அப்பா காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கிறார் என்றால் (விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது, இந்த அளவுக் கடைகள் நிறைய அதில்தான் இருக்கின்றன) 2023 அக்டோபருக்கு முன் ஆன்லைன் தளத்தில் விற்கவே முடியாது. இப்போது விற்கலாம், ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். அதாவது கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்பக் கூடாது. நம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் வாடிக்கையாளரை விட்டுவிட்டு ஆன்லைன் செய்வதில் அர்த்தம் இல்லை, அதற்குச் சாதாரண ஜி.எஸ்.டி.க்கு மாற வேண்டும். மாறினால் மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வரி ரிட்டர்ன் தாக்கல், வாங்கிய சரக்குக்கு முறையான பில், எல்லாம் சுத்தமாக வேண்டும், பழைய பாத்திரம் எடைக்கு எடுப்பதற்குக்கூடத் தனியாக எழுத வேண்டியிருக்கும். மாறுவதென்றால் நடு வருடத்தில் குழப்பாமல் ஏப்ரலில் மாறுங்கள், மார்ச் 31 அன்று கையிருப்பு ஸ்டாக்கை பில்லோடு சரிபார்த்து எழுதி வைத்தால் அதில் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக (இனிக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்துக்கொள்ளலாம். அதற்கான படிவத்தைப் போடுவதற்கு முப்பது நாள் கெடு, விட்டுவிடாதீர்கள்.